மூன்றாவது ட்ரம்பெட்

மலாக்காவுக்கு நான் கொண்டுபோனது ஒரு கிராமபோன் தட்டும் இரண்டு வேட்டியும். போன இடத்தில் ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது. வேட்டிகள் முதல் நாளே சாக்கடையில் நனைந்தன. பொய் இரண்டாம் நாள் உடைந்தது. தட்டு மட்டும் முழுசாக இருந்தது. என் கைக்கு வந்த பொருள் முழுசாக இருப்பதே பெரிய விஷயம் என்று என் வீட்டில் சொல்வார்கள்.

நான் சர்க்கஸ் பேண்டில் பெரிய ட்ரம் அடிப்பவன். பார் விளையாடுகிற பெண் மேலே கையை விடும்போது கடகடவென்று உருட்ட வேண்டும், அவள் அடுத்த பாரைப் பிடித்ததும் ‘டம்’ என்று ஒரு அடி. பிடிக்காமல் வலையில் விழுந்தாலும் அதே ‘டம்’தான். பள்ளிக்கூடத்துக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், வெள்ளையடிக்க. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எங்கேயாவது நல்ல தமிழ் தட்டுப்பட்டால் அது அவளுடையது.

சிங்கப்பூரில் எங்கள் ஆட்டம் முடிந்து கூடாரம் கோலாலம்பூருக்கு நகர்ந்துகொண்டிருந்தது. யானைக்கு லாரி, புலிக்கு ரயில், எனக்கு மூன்று நாள் லீவு. மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வழியில் ஊருக்கு ஊர் வளைவுகள் சாயம் வெளுத்து இன்னும் நின்றன. நமக்குச் சுதந்திரம் வந்தபோது பெரம்பூரில் மிட்டாய் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை வரிசையில் நின்றேன். என் பக்கத்தில் சிகாமணி மூன்று தடவை நின்றான்.

இந்தப் பயணமே சிகாமணிக்காகத்தான்.

அவனும் நானும் பெரம்பூரில் ஒரே கல்யாண பேண்டில் இருந்தோம். அவனுக்கு ட்ரம்பெட், எனக்கு ட்ரம். எனக்கு முன்னாலேயே அவன் ஒரு சர்க்கஸோடு மலாயாவுக்குக் கப்பலேறினான். மலாக்காவில் கூடாரத்துக்கு வெளியே பலகாரம் விற்ற ஒரு பெண்ணைப் பார்த்தான். கூடாரம் கிளம்பியது, அவன் கிளம்பவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, சிங்கப்பூரில் ஒரு டான்ஸ் ஹாலில் ஜாஸ் பேண்டு ஒன்றில் சேர்ந்தான். பதினாலு பேர் பேண்டு. பிலிப்பினோக்காரர்கள், கோவாக்காரர்கள், இரண்டு சீனர், நடுவில் நம் பெரம்பூரான்.

ஜாஸ் பேண்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். நம் கல்யாண பேண்டில் பதினைந்து பேர் இருந்தாலும் பதினைந்து பேரும் ஒரே பாட்டைத்தான் ஊதுவோம். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி. அந்தப் பெரிய பேண்டில் அப்படி இல்லை. நாலு ட்ரம்பெட், மூன்று ட்ராம்போன், நாலு சாக்ஸபோன், பியானோ, பாஸ், ட்ரம். ஆளுக்கு ஒரு வேலை. சாக்ஸபோன்கள் நாலும் ஈரத் தலையைச் சீப்பால் வாரின மாதிரி ஒன்றாக இழுக்கும். ட்ராம்போன் நடுவில் பெருமூச்சு விடும். ட்ரம்பெட்டில் முதல் ஆள் பாட்டை ஊதுவான். மற்ற மூன்று பேரும் அவனுக்குக் கீழே வேறு வேறு ஸ்வரத்தில் நின்று தூக்கிப்பிடிப்பார்கள், பல்லக்குத் தூக்குகிற மாதிரி. பல்லக்குக்குள் இருக்கிறவன்தான் கண்ணுக்குத் தெரிவான்.

எனக்குத் தட்டின் பேரைப் படிக்கத் தெரியாது, லேபிள் நிறம்தான் அடையாளம். மூர் மார்க்கெட்டில் ஒரு பாய் பழைய தட்டு விற்கிறார். என்னைக் கண்டால் காசு கேட்காமல் போட்டுக் காட்டுவார். ஓரம் உடைந்த நீல லேபிள் தட்டு ஒன்று. அதில் ட்ரம்காரன் பாட்டு முழுக்க இருக்கிற இடமே தெரியாமல் இருந்துவிட்டு, கடைசியில் இரண்டே அடி அடிப்பான். அந்த இரண்டு அடிக்காக நான் எத்தனையோ நாள் பெரம்பூரிலிருந்து நடந்து போயிருக்கிறேன். பச்சை லேபிள் ஒன்று. சாக்ஸபோன்கள் மட்டும் ஒரு கட்டத்தில் தனியாகப் பேசிக்கொள்ளும், பொம்பளைகள் குழாயடியில் பேசுகிற மாதிரி. அந்தத் தட்டை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிகாமணி கடைசியாகப் போட்ட கடிதத்தை எங்கள் தெரு முடிதிருத்துகிறவர்தான் படித்துக் காட்டினார். ‘எங்கள் பேண்டு தட்டு போட்டிருக்கிறது. மஞ்சள் லேபிள், படகுப் படம். நான் மூன்றாவது ட்ரம்பெட். இங்கே கடைக்கு வந்தது ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. வீட்டில் காட்ட எனக்கே ஒன்று இல்லை. தட்டு அச்சடிப்பது கல்கத்தாவில்தானாம். அந்தப் பக்கம் கிடைத்தால் வாங்கி வை.’ கீழே தட்டின் நம்பர். நான் தேட ஆரம்பித்த ஆறாம் மாசம், நெஞ்சில் சளி கட்டி அவன் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அதற்கப்புறம்தான் தட்டு கிடைத்தது. பாய் அதை எடுத்து என் கையில் வைத்தபோது எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. நாலு ஜோக் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மழை. மூன்று சக்கர வண்டி ஒன்று நின்றது. பீச்சா என்கிறார்கள். ஓட்டுகிறவர் பெயர் பெருமாள், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர்.

“ஊர்லேருந்தா வர்றீங்க? மெட்ராஸா? எங்க தாத்தா சேலம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. காஜா பேராங் தெருதானே கேட்டீங்க, ஏறுங்கண்ணே. மழை ஒண்ணும் செய்யாதுலா.”

மழை ஒன்றும் செய்யவில்லை. காஜா பேராங் திருப்பத்தில் சாக்கடைதான் செய்தது. ஒரு சக்கரம் உள்ளே இறங்க, வண்டி சாய, நான் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இடுப்பு வரை சாக்கடைக்குள் நின்றேன்.

“அண்ணே, அடி பட்டுச்சா?”

“எனக்கா தட்டுக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல இதை வாங்கு.”

அந்தக் கோலத்தில்தான் சிகாமணியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் மனைவி லெட்சுமி வெளியே வந்தாள். எனக்கு அண்ணி முறை. கைலி, மேலே பூப்போட்ட மலாய்ச் சட்டை, நெற்றியில் விபூதி, குங்குமம் இல்லை. கழுத்துக்குக் கீழே பார்த்தால் மலாய்க்காரி, நெற்றியைப் பார்த்தால் மயிலாப்பூர். அந்தத் தெருவில் எல்லாருமே அப்படித்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த நம் ஆட்கள், மலாக்காச் செட்டிகள். சாமி மாரியம்மன், பேச்சு மலாய். தமிழ் கல்யாணப் பத்திரிகையில்தான் இருக்கிறது.

அண்ணி என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மஞ்சள் லேபிளைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள். பெருமாள் என் காதருகே வந்தார்.

“நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க.”

“இவ்வளவு நேரம் அதையா கேட்டாங்க?”

“மிச்சம் அழுகைண்ணே. அதை எப்படித் தமிழ்ல சொல்றது?”

குளித்து, சிகாமணியின் கைலியைக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, புளிக்குழம்பில் பெரிய மீன், பக்கத்தில் மிளகாயோடு இடித்த ஒரு சம்பல். அதில் இறாலைக் காயவைத்துப் பிசைந்த பிளாச்சான் போடுகிறார்கள். வாசனைக்கு எழுந்து ஓடலாம் போலிருந்தது, ருசிக்குத் திரும்பி வரலாம் போலிருந்தது. உறைப்பில் காதுக்குள் யாரோ ட்ரம் அடித்தார்கள். சிகாமணி கடிதத்தில் ‘இங்கே சாப்பாடு பரவாயில்லை’ என்று எழுதியிருந்தான். கஞ்சன், பாராட்டிலும்.

சுவரில் வரிசையாகச் செத்துப்போனவர்களின் படங்கள். சிகாமணியின் படம் இல்லை. பெருமாளைக் கேட்கச் சொன்னேன். அண்ணி அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அவன் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தாள்.

விஷயம் இதுதான். மூன்றாம் நாள் அவர்களுக்குப் பார்ச்சு. வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். யாருக்கு இலை என்று முடிவு செய்வது வீட்டுக்குப் பெரியவர். இந்த வீட்டுக்குப் பெரியவர் அண்ணியின் அண்ணன் கண்ணப்பா. சிகாமணி போய் இரண்டு வருஷமாகியும் அவனுக்கு அவர் இலை போட விடவில்லை.

அந்தி சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து அவரே வந்தார். தச்சு வேலை செய்கிறவர், காதிடுக்கில் பென்சில். டொண்டாங் சாயாங் என்று அவர்கள் மாற்றி மாற்றிப் பாடுகிற பாட்டுக்கு வயலின் வாசிப்பவர். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். பெருமாள் சொன்னபடி அவர் பேச்சு இது:

“அவன் சாவறதுக்கு முந்தின வருஷம் ஆறு மாசம் சிங்கப்பூர்ல கெடந்தான். தட்டு போடறோம், தட்டு போடறோம்னான். இங்க வந்தா, அந்த ரூம்ல உக்காந்து ஊதுவான். ஒரு நாளாச்சும் ஒரு பாட்டு ஊதினானா? இல்ல. நாலு ஊது, சும்மா இருப்பான். ரெண்டு ஊது, சும்மா இருப்பான். நானும் வயலின் வாசிக்கிறவன்தான், எனக்குப் பாட்டு தெரியும். ஒரு பாட்டு முழுசா ஊதத் தெரியாதவனை எவன் தட்டுல சேப்பான்? அங்க அவனுக்கு இன்னொரு வீடு இருந்துச்சு. இலையை அவளே போடட்டும்.”

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம்ப ஆசை, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. கண்ணப்பா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேபிளில் இருந்த பேண்டின் பெயரையும் பாட்டின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார்.

“இவன் பேரு எங்க?”

மூன்றாவது ட்ரம்பெட்டின் பேரை எவன் லேபிளில் போடுவான்? இவன் மூன்றாவதாக நின்றான் என்று கடிதத்தில் எழுதியிருந்தான் என்றேன். “அதுவும் அவன் சொன்னதுதானே?” என்றார். நாளைக்கு கிராமபோன் கொண்டுவருகிறேன், கேட்டுப் பார்ப்போம் என்று போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலையில் மனசு சரியில்லை. பெருமாள் துக்காங் எமாஸ் தெருவுக்குக் கூட்டிப்போனார். ஒரே தெருவில் பிள்ளையார் கோயில், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல். எங்கள் ஊரில் இப்படி இருந்தால் நடுவில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இங்கே ஒரு கிழவர் பனிக்கட்டி சீவி, செண்டோல் என்று தேங்காய்ப்பால் பானம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார், இரண்டு பக்கத்து ஆட்களும் அவரைச் சுற்றி நின்று குடித்தார்கள்.

“இவரு பொய்யாத விநாயகரு. பொய் சொல்லாத சாமி. பாத்து வேண்டிக்குங்கண்ணே” என்றார் பெருமாள்.

அவர் அப்படிச் சொன்ன நிமிஷத்தில்தான் எனக்குப் பொய் தோன்றியது. கோயிலுக்குள் நின்றுகொண்டே. அந்தத் தட்டை நான் மூர் மார்க்கெட்டில் கேட்டிருக்கிறேன். நடுவில் ஒரு ட்ரம்பெட் தனியாக எழுந்து, உச்சிக்குப் போய், அங்கே நின்று விளையாடிவிட்டு இறங்கும். அதுதான் சிகாமணி என்று சொல்லிவிட்டால்? யாருக்குத் தெரியும்? பிள்ளையாரிடம், உன்னால் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன், கண்டுகொள்ளாதே என்று கேட்டுக்கொண்டேன்.

மத்தியானம் கண்ணப்பா கிராமபோனைக் கொண்டுவந்து வைத்தார். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, துணியால் தட்டைத் துடைத்து, எல்லாம் பதமாகச் செய்தார். பாட்டு தொடங்கும் முன் நான் எழுந்து நின்று, சர்க்கஸில் அறிவிக்கிறவன் மாதிரி கையை வீசினேன். “நடுவுல ஒருத்தன் தனியா எழும்புவான். அவன்தான் நம்ம சிகாமணி. மத்த பதிமூணு பேரும் அவனுக்காக வழிவிட்டு நிப்பாங்க. கேளுங்க!”

பெருமாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார். அண்ணி கிராமபோன் குழாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. ட்ரம்பெட் எழுந்தது. “இதோ!” என்றேன்.

அண்ணி தலையை ஆட்டினாள். “புக்கான்.”

“இல்லைங்கறாங்க” என்றார் பெருமாள்.

“நல்லா கேக்கச் சொல்லு.”

“புக்கான் டியா.” அவள் எழுந்துவிட்டாள்.

“அது அவர் இல்லைங்கறாங்க, அண்ணே.”

கண்ணப்பா ஊசியைத் தூக்கினார். பாட்டு பாதியில் நின்றது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “பொண்டாட்டியே இல்லைன்னுட்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கிராமபோனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். வருஷக்கணக்காக விழுகிற ஆட்களுக்கு ட்ரம் அடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு விழுந்தது நான். அடிக்க ஆள் இல்லை.

மாலையில் பெருமாள் என்னோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“நல்லதுக்குத்தான்.”

“அந்தச் சாமிகிட்ட என்ன வேண்டினீங்க?”

“அதைப் பத்திப் பேசாத.”

மூன்றாம் நாள் காலை. என் பஸ் மத்தியானம். பார்ச்சுக்கு வீடு முழுக்கச் சமையல். பழங்கள் கூடை கூடையாக வந்து இறங்கின. டுரியான் என்று ஒரு பழம். அதன் வாசனையைப் பற்றிப் பேசவே வேண்டாம் அப்பா என்று மகள் சொல்கிறாள். முன் அறையில் கண்ணப்பா பாய் விரித்து இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு இலை. எண்ணிப் பார்த்தேன், சுவரில் ஏழு படம்.

அண்ணி சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தேன். பெருமாள் வேறு இன்னும் வரவில்லை. அவள் ஏதோ முனகிக்கொண்டே துருவினாள். பாட்டு மாதிரி இல்லை. ஒரே ஸ்வரத்தில் நாலு, நிறுத்தம். அரை ஸ்வரம் இறங்கி இரண்டு, நிறுத்தம். முனகல் நின்றதும் துருவுகிற கையும் நின்றது. பிறகு இரண்டும் சேர்ந்து தொடங்கின.

எனக்குப் பாட்டு தெரியாது. நிறுத்தம் தெரியும். ட்ரம்காரனுக்கு அதுதான் பிழைப்பு. சும்மா இருக்கிற நேரத்தை எண்ணிக்கொண்டே இருப்போம். அவள் சரியாக மூன்று எண்ணி நிறுத்தினாள். அடுத்த தடவை ஏழு. யாராவது தேங்காய் துருவும்போது காரணம் இல்லாமல் ஏழு எண்ணி நிறுத்துவார்களா? சர்க்கஸ் பேண்டில் என் ட்ரம்முக்கு நேர் முன்னால், கார்னெட் என்கிற குட்டை ட்ரம்பெட் ஊதுகிற மூன்றாவது ஆள் உட்காருவான். தினமும் இரண்டு ஆட்டம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அவன் ஊதுவதைக் கேட்கிறேன். இப்படித்தான் ஊதுவான். நாலு ஊது, சும்மா இரு. இரண்டு ஊது, சும்மா இரு.

வீட்டில் உட்கார்ந்து ஒருத்தன் தன் பங்கைத்தானே சாதகம் செய்வான்? மற்ற பதின்மூன்று பேர் பங்கையுமா ஊதிக் காட்டுவான்? அவளுக்கு அந்தப் பாட்டு என்றால் அதுதான். நான் உச்சிக்குப் போகிறவனைக் காட்டி இதுதான் உன் புருஷன் என்றால் இல்லை என்று சொல்லாமல் என்ன செய்வாள்!

நான் முன் அறைக்கு ஓடினேன். கண்ணப்பாவைத் தாண்டி, இலைகளைத் தாண்டி, கிராமபோனுக்குச் சாவி கொடுத்தேன். பெருமாள் அந்த நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றார். “பெருமாள், அண்ணியைக் கூப்பிடு. அவங்க இப்ப முனகினதைப் பாட்டோடயே முனகச் சொல்லு. நிறுத்தாம.”

அண்ணி துருவல் ஒட்டிய கையோடு வந்தாள். ஊசியை வைத்தேன். முதல் இரண்டு வரி அவள் பேசாமல் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். நாலு, நிறுத்தம். இரண்டு, நிறுத்தம். தட்டில் பாட்டு எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது, இவள் கீழே தன்பாட்டுக்கு நின்றாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் வாய் திறக்கிற இடத்தில் ட்ரம்பெட்கள் வந்தன, அவள் மூடுகிற இடத்தில் நின்றன.

கண்ணப்பா எழுந்து வந்தார். வயலின் வாசிக்கிற காது. குழாய்க்குள் தலையை விடுகிற மாதிரி குனிந்தார். ஒரு விரலைத் தூக்கினார். அவள் முனகலைக் கேட்டு, குழாயைக் கேட்டு, மறுபடி அவளைக் கேட்டார். விரல் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது. முதல் ட்ரம்பெட்டுக்குக் கீழே, இரண்டாவதுக்கும் கீழே. அங்கே அந்தச் சத்தம் இருந்தது. சிகாமணி வந்தபோதெல்லாம் இந்த வீட்டுச் சுவர் வழியாக அவர் கேட்டுத் திட்டிய அதே சத்தம்.

அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்னைத் தூங்க விடாத சத்தம் இதுதாங்கறாரு” என்றார் பெருமாள்.

பாட்டு முடிந்தது. அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

“திருப்பி” என்றாள்.

தமிழ்தான். சிகாமணியிடமிருந்து அவள் பிடித்துக்கொண்ட சில வார்த்தைகளில் ஒன்று, சாதகத்தில் தப்பு ஊதினால் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. கல்யாண பேண்டிலும் அப்படித்தான், “திருப்பி” என்பான், நாங்கள் எல்லாரும் பல்லைக் கடிப்போம்.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை கண்ணப்பா கேட்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தலைவாழை இலை. துடைத்து, ஏழு இலைக்குப் பக்கத்தில் போட்டார். போய் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டார். படம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எட்டு இலைக்கும் பரிமாறினார்கள். சிகாமணி இலையில் தேங்காய்ப்பால் சோறு, மீன், நாற்றமடிக்கிற அந்தச் சம்பல், இரண்டு சிகரெட். கண்ணப்பா கிராமபோனை அவன் இலைக்கு எதிரே தள்ளி வைத்து, சாவி முழுக்கக் கொடுத்து, ஊசியை வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

வெளியே வெயிலில் நின்றோம். உள்ளே பதினாலு பேர் வாசித்தார்கள். சிகாமணி தன் தட்டைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தனி ட்ரம்பெட் உச்சிக்குப் போனபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெருமாள் என் தோளில் கை வைத்தார்.

பாட்டு முடிந்தது. உள்ளே தட்டு சுற்ற, ஊசி லேபிள் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. சர்... சர்... என்று. தட்டு தேய்ந்துவிடுமே என்று எனக்குப் பதறியது. சென்னை முழுக்கத் தேடின தட்டு. கதவில் கை வைக்கப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்தாள்.

“சாப்புடட்டும்” என்றாள்.